கூப்பிட்டால் வரும் பன்றிகள்

பன்றிக்கு நெஞ்சு பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாய்க்கு வைப்பதுபோல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிடலாம் என்று போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். கை பட்டதுமே அது போடுகிற கூச்சலில் நம் காதுதான் போகும். நுரையீரலாவது இதயமாவது, ஒன்றும் கேட்காது. அதனால் வேறு மாதிரிதான் பார்க்க வேண்டும். கொட்டகைக்கு வெளியே, அவை நம்மைப் பார்ப்பதற்கு முன்னால், சத்தம் காட்டாமல் நிற்க வேண்டும். படுத்திருக்கும்போது வயிறு எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு கையைத் தட்டி எல்லாவற்றையும் எழுப்பிவிட வேண்டும். எழுந்து ஓடுகிற ஓட்டத்தில் எது இருமுகிறது, எது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறது, எது எழவே மாட்டேன் என்கிறது என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிப் பாதி செத்ததற்கு அப்புறம், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

எனக்குத் தாம்பரத்தில் கிளினிக். வருவதெல்லாம் அபார்ட்மெண்ட் நாய்கள். ஸ்வெட்டர் போட்ட நாய், பிறந்தநாள் கேக் தின்று வாந்தி எடுத்த நாய், வீட்டம்மா ஊருக்குப் போனதற்குச் சாப்பிடாமல் அழிச்சாட்டியம் பண்ணுகிற நாய். பன்றி என்றால் இந்தப் பக்கத்தில் பல டாக்டர்கள் போனையே எடுப்பதில்லை. நான் எடுப்பேன். காலேஜில் என்னைப் பன்றிப் பண்ணை டியூட்டியில் போட்டுவிட்டு, "பொம்பளப் புள்ள, ரெண்டு நாள்ல அழுதுட்டு ஓடிரும்" என்று சிரித்தார்கள். அன்று பிடித்த வீம்பு இன்னும் விடவில்லை. பன்றிக்குப் போய்விட்டு வந்தால் பின்வாசலில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று என் கணவர் சட்டம் போட்டிருக்கிறார். போகட்டும், அவர் மூக்கு அவருக்கு.

நான் சொல்ல வந்த பண்ணை பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே. அங்கே நெல் போட்டு, மாடு கட்டி வாழ்ந்த குடும்பம். நிலமெல்லாம் மனை மனையாகப் போய், கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. நடுவில் கணவனும் மனைவியுமாக வெண்பன்றி வளர்த்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்களாம். "பன்னி மேய்க்கிறவ வூட்ல இன்னாத்துக்குக் கை நனைக்கணும்னு கேக்குறாங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு அந்த அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவர் கணவர் போன் செய்தார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"டாக்டரம்மா, ரெண்டு பன்னி பூட்ச்சு. இன்னும் நாலஞ்சு இருமிகினு கீது. காதெல்லாம் நீலமா ஆயிட்டு வருது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஜொரமா இருக்குமா?" என்றார்.

அந்த ஜுரம் என்றால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பன்றி வளர்ப்பவர்கள் அதன் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்கிற மாதிரி ஒரு பயம். மருந்து கிடையாது, தடுப்பூசியும் நம் கைக்கு வரவில்லை. ஒரு பன்றிக்கு அது இருக்கிறது என்று உறுதியானால் போதும், அரசாங்கத்து ஆட்கள் வந்து பண்ணையில் நோயுள்ளது, இல்லாதது, பால் குடிக்கிற குட்டி என்று ஒன்று விடாமல் கொன்று குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் அதோடு கதை முடிந்தது. நாற்றம் நாற்றம் என்று சுற்றியிருக்கிற மாடிக்காரர்கள் ஏற்கெனவே மனுமேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கொட்டகை காலியானால் மறுபடி ஒரு குட்டிகூட அங்கே நுழையாது.

போனேன். வாசலிலேயே ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் பூட்ஸை முக்கினேன். மழைக்குக் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. வெளியே நின்று காதைக் கொடுத்தேன். முதலில் மழைச் சத்தம்தான். அப்புறம் ஒரு இருமல். சாதாரணமாகப் பன்றிக்குச் சளி பிடித்தால் வறட்டு இருமலாக வரும், தொடர்ந்து குரைக்கிற மாதிரி. இது அப்படி இல்லை. ஈரமான, அடியிலிருந்து எதையோ தூக்கப் பார்த்துத் தூக்க முடியாமல் விட்டுவிடுகிற இருமல்.

கையைத் தட்டினேன். பின்பக்கத் தடுப்பில் இருந்தவை மட்டும் தடதடவென்று எழுந்து ஓடின. முன்பக்கத்துத் தடுப்புகளில் பாதி எழவில்லை. படுத்திருந்தவற்றின் விலா அப்படியே நிற்க, வயிறு மட்டும் துள்ளித் துள்ளி மூச்சு விட்டது. காது நுனியும் மூக்கும் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன. மூச்சு முட்டினாலும் அந்த நிறம் வரும், அந்த ஜுரத்திலும் வரும். ஜுரம் பார்த்தேன். சிலவற்றுக்கு உடம்பு கொதித்தது, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. அந்த ஜுரமாக இருந்தால் எல்லாவற்றுக்குமே கொதித்திருக்க வேண்டும், அதனால் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் சரியாகப் படாததை வைத்துக்கொண்டு 'பயப்படாதீங்க' என்று சொல்லிவிட முடியுமா? கால்நடைத் துறைக்குச் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரசாங்க டாக்டர் அன்று மதியமே வந்துவிட்டார். தன்மையான மனிதர். ரத்தம் எடுத்து, செத்ததிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து மூடினார். "மேடம், ரிசல்ட் வர்ற வரைக்கும் எதையும் திறந்து பார்க்காதீங்க. அதுவா இருந்து, ரத்தம் சிந்திச்சுன்னா, அவ்ளோதான். செத்தா அப்படியே புதைச்சிடுங்க" என்றார். கூட வந்தவர் நிலத்தின் ஓரமாக நடந்து போய், தென்னை மரத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் எதற்காக அந்த இடத்தைப் பார்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அதற்கப்புறம் காத்திருப்பு. அதைவிடக் கொடுமை இந்தத் தொழிலில் வேறு கிடையாது.

தினமும் போனேன். செத்தவற்றைப் புதைத்தார்கள், மிச்சத்துக்கு நான் ஊசி போட்டேன். ஊசி என்றால் முன்பக்கத்துப் பன்றிகளுக்குத்தான். அவை அந்த அக்காவிடம் அப்படிப் பழகியவை. "வாடி தங்கம், வாடி" என்று கூப்பிட்டால் மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்து வந்து அவர் முழங்காலில் மூக்கை வைத்துத் தேய்க்கும். பின்பக்கத் தடுப்பில் இருந்தவை வேறு ரகம். வெளியூர்ப் பண்ணையிலிருந்து வளர்ந்த பிறகு வாங்கிக்கொண்டு வந்த சரக்கு. ஆள் கிட்டே போனால் கடிக்க வரும், பிடித்தால் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடும். "அந்த ரௌடிங்கள வுட்ருங்க டாக்டரம்மா, அதுங்க எமனையே கடிச்சு வெச்சிரும்" என்பார் அண்ணா. விட்டுவிட்டேன்.

நான் ஊசி போட்டவைதான் செத்தன.

அதை நான் கவனிக்காமல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் புது ஊசிதான் போட்டேன், சத்தியமாக. இருந்தாலும் மனசு கேட்கிறதா? முதல் நாள் மாற்றினேனா, கையுறையில் ரத்தம் பட்டதா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேனா என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இதே யோசனை. கிளினிக்கில் ஒரு லாப்ரடார்க்காரர், நாய் இளைத்துவிட்டது என்று வந்து நின்றார். நாலு ஆள் தின்கிற தீனியைத் தின்று கொழுத்த நாய். அவரைப் பிடித்துக் கத்திவிட்டேன், பாவம்.

அண்ணாவுக்கு வேறு கவலை. விடிந்தும் விடியாமல் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு பொத்தேரி வரைக்கும் போய், ஹாஸ்டல்களிலும் மெஸ்களிலும் மிஞ்சிய சோற்றை டிரம்மில் அள்ளிக்கொண்டு வருவார். அதைக் கொதிக்கவைத்துத்தான் பன்றிக்கு ஊற்ற வேண்டும். மழையில் விறகு நனைந்துபோய், சில நாள் அரைகுறையாகச் சூடு காட்டிவிட்டு ஊற்றியிருக்கிறார். மிஞ்சிய சோற்றில் எவனோ தின்று போட்ட பன்றிக்கறித் துண்டு ஒன்று இருந்தால்கூட அந்த ஜுரம் வரலாம் என்று அரசாங்க டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் தன் சோற்றில்கூடக் கை வைக்கவில்லை.

"என் கையாலதானே அள்ளிகினு வந்து ஊத்தினேன்" என்று கொட்டகை ஓரத்தில் குந்திக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "எவன் எச்சிலோ. அதைக் கொண்டாந்து இதுங்களுக்குப் போட்டு, நானே கொன்ட்டேன்."

"சும்மா கெட மாமா. நீ ஒண்ணும் பண்ல" என்று அக்கா அவர் முதுகைத் தடவிக்கொடுப்பார். "இன்னும் ஒண்ணும் தெரில. ரிசல்ட் வரட்டும். எல்லாம் நல்லா ஆவும். நான் கீறேன்ல?"

மாடிக்காரர்களின் சங்கச் செயலாளர் ஒருவர் என் நம்பரை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். "மேடம், இது எங்க பசங்களுக்கு ஸ்ப்ரெட் ஆகுமா?" என்றார். மனிதர்களுக்கு வராது சார் என்றேன். "ஓகே மேடம். அப்போ எப்ப காலி பண்ணுவாங்க?" என்றார். உங்களை எப்போது காலி பண்ணுவார்களோ அப்போது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் நான் போனபோது பால்கனிகளில் ஆட்கள் நின்று மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே அண்ணா ஒரு பன்றியைக் கோணிப்பையில் சுற்றிக் குழிக்கு இழுத்துக்கொண்டு போனார். மழை விட்டிருந்தது. சுண்ணாம்பு நெடியும் பவுடர் நெடியுமாக மூச்சு விடவே முடியவில்லை.

முன்பக்கத்தில் கடைசித் தடுப்பில் ஒரு தாய்ப் பன்றி நிறைசினையாக இருந்தது. அந்தக் கூட்டத்திலேயே அதற்கு மட்டும் இருமல் வரவில்லை. அக்காவுக்கு அது உயிர். அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார். "அந்த ஜொரம்னு வந்துச்சுன்னா இதையும் கொன்ருவாங்களா? உள்ள குட்டியோடவா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது, அது ஒரு சாபம். அவர் அதன் காதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரிசல்ட் வந்தது. அந்த ஜுரம் இல்லை.

அரசாங்க டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார். நான் அண்ணாவுக்குப் போன் செய்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. இல்லை அண்ணா, அது இல்லை, யாரும் வர மாட்டார்கள், எதையும் கொல்ல மாட்டார்கள் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆள் குழந்தை மாதிரி கேவிக் கேவி அழுகிற சத்தம் கேட்டது. நானும் கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன், வெட்கமென்ன. சாயங்காலம் அக்கா ஒரு டப்பா நிறைய ஜாங்கிரி கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலையில் இன்னொன்று செத்துப்போயிற்று.

அண்ணா லோடு ஆட்டோவில் போயிருந்தார். அக்காதான் போன் செய்து சொன்னார். இந்த முறை தடை ஏதும் இல்லை. கத்தி, கையுறை, ஏப்ரன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அது இல்லை என்றால் இது என்ன சனியன்? எது வந்து இப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போகிறது?

தென்னை மரத்தடியில் தார்ப்பாயை விரித்துப் பன்றியைக் கிடத்தினேன். அக்கா பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். முதலில் மண்ணீரலைப் பார்த்தேன். அந்த ஜுரம் என்றால் அது ஊதிக் கறுத்துப்போயிருக்கும். இது சாதாரணமாக, மெலிசாக இருந்தது. சிறுநீரகம் சுத்தம். குடல் சுத்தம். பிறகு நெஞ்சைத் திறந்தேன்.

நல்ல நுரையீரல் வெளிர் ரோஜா நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கும். அழுத்தினால் காற்று நெறுநெறு என்று விரலில் தெரியும். இதில் மேல்பாகம் அப்படித்தான் இருந்தது. கீழ்ப்பாகம், முன்பக்கம், அதிலும் வலது பக்கம், ஈரலைப்போலக் கெட்டித்துக் கறுத்துப் பச்சை பாரித்திருந்தது. ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டேன். காற்றுள்ள நுரையீரல் மிதக்கும். இது கல்லாக அடிக்குப் போய்விட்டது. போனபிறகு தண்ணீரின் மேலே ஏதோ பரவியது. குனிந்து பார்த்தேன். மஞ்சளாக, வட்ட வட்டமாக, எண்ணெய்.

மூச்சுக்குழாயை நீளவாக்கில் கீறினேன். உள்ளே மஞ்சள் பூசிய மாதிரி ஒரு கோடு. மிளகுத் திப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெயில் பூண்டு வதக்கிய வாசனை. வீட்டில் பத்தியச் சமையலுக்கு வருமே, அதே வாசனை, செத்த பன்றியின் நுரையீரலிலிருந்து. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த எனக்கு ஒரு நிமிஷம் பசித்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நிமிர்ந்து கொட்டகையைப் பார்த்தேன். பின்பக்கத்து ரௌடிகள் சேற்றில் புரண்டு, ஒன்றையொன்று முட்டித் தள்ளி, கொழுகொழுவென்று இருந்தன. அதே காற்று, அதே சோறு, அதே சாக்கடை. ஒரு இருமல் இல்லை. எந்தக் கிருமி ஆள் பார்த்து வரும்? எந்த நோய்க்கு, கூப்பிட்டால் வருகிறதா வராதா என்று தெரியும்? செத்ததெல்லாம் பழகியவை. ஒன்று விடாமல் பழகியவை. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "இதுங்களுக்கு எண்ணெய் ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஆமா" என்று வெளியே வந்தார். மறைக்கிற முகமே இல்லை. "மொத மொதல்ல ஒண்ணு லேசா இருமுச்சுல்ல, அப்பவே ஆரம்பிச்சிட்டேன். வெத்தல, மொளகு, பூண்டு, மஞ்சா, எல்லாம் இடிச்சு நல்லெண்ணெயில காய்ச்சி. மாமா பொத்தேரி போயிருக்கச்ச ஊத்திருவேன். அது இருந்தா, டாக்டர கேக்காம இன்னாத்துக்குக் குடுக்குறன்னு பேஜார் பண்ணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு நாள்கூட வுடல டாக்டரம்மா. இல்லாங்காட்டி இந்நேரம் எல்லாம் பூட்ருக்கும்."

எப்படி ஊத்தினீங்க என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன். அவர் சந்தோஷமாகக் காட்டினார். கழுத்தில் துணி சுற்றிய ஒரு கண்ணாடி பாட்டில். மேல்தாடையில் சுருக்குப் போட ஒரு கயிறு. கயிற்றை உத்தரக் கட்டையில் மாட்டித் தலையைத் தூக்கிப் பிடித்து, கடைவாயில் பாட்டிலைச் செருகி ஊற்றுவது. மாட்டுக்கு ஊற்றுவது அப்படித்தான். அந்தத் தெருவிலேயே மாட்டுக்கு மருந்து ஊற்ற இவர் கைதான் கை என்று பெயராம். வயிறு உப்பிய மாடு, சளி பிடித்த கன்று, எது என்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். மாடு அதற்கு ஈடுகொடுக்கும். பெரிய வாய், பொறுமையான பிராணி, தொண்டையில் விழுந்ததை மடக் மடக்கென்று விழுங்கும்.

பன்றி விழுங்காது. பன்றி கத்தும். கட்டித் தலையைத் தூக்கிய நிமிஷத்திலிருந்து விடாமல் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு மூச்சை உள்ளே இழுக்கும். வாயில் இருப்பதெல்லாம் அந்த மூச்சோடு நேராக நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் வந்தது தார்ப்பாய் மூடிய புழுக்கத்தில் வந்த லேசான இருமல். நாலு நாள் காற்றோட்டம் விட்டிருந்தால் தானாகவே போயிருக்கும். அதற்குப் பயந்து ஊற்றினார். ஊற்றியதில் இருமல் அதிகமாயிற்று. அதிகமானதும் இன்னும் ஊற்றினார். பிடித்தால் கடிக்க வருகிறவற்றை விட்டுவிட்டார். கூப்பிட்டால் வருகிறவற்றுக்கெல்லாம் ஊற்றினார்.

"சினையா கீதே, அதுக்கு இத்தன நாளும் குடுக்கல" என்றார் அக்கா. "சினைக்குச் சூடு ஆவாதுன்னு பயம். நேத்து ரிசல்ட்டு நல்லா வந்துச்சா, பார்த்தா காத்தால இன்னொண்ணு பூட்ச்சு. மனசு கேக்கல. இன்னிக்குக் காலைலதான் ஊத்தினேன். அது தங்கம். கயிறே வேணாம். கத்தும், ஆனா ஓடாது. நின்னு வாங்கிக்கும்."

கடைசித் தடுப்பிலிருந்து ஒரு இருமல் வந்தது. ஈரமாக, அடியிலிருந்து.

நான் எத்தனையோ பேரை எத்தனையோ சின்ன விஷயத்துக்குக் கத்தியிருக்கிறேன். அன்று குரலே எழும்பவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல், அவரை அழைத்துக்கொண்டு போய் வாளியைக் காட்டினேன். மேலே மிதந்த எண்ணெயைக் காட்டினேன். முகர்ந்து பாருங்கள் என்றேன். குனிந்தார். முகர்ந்தார். நிமிரவே இல்லை. எனக்கு வார்த்தை தேடித் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊத்தினதெல்லாமா?" என்றார் கடைசியில்.

நான் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"அந்த ஜொரமாவே இருந்திருக்கக் கூடாதா டாக்டரம்மா" என்றார். சத்தம் வராத அழுகை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார், ரத்தம் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல். "மாமாகிட்ட சொல்லாதீங்க. உங்க கால்ல வுழறேன். அது தாங்காது. எதுனா கிருமின்னு இங்கிலீஷ்ல ஒரு பேர் சொல்ட்டு பூடுங்க."

சரி என்று தலையாட்டினேன். பொய் சொல்ல எனக்கு வராது என்றேனே, அன்றைக்குச் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். செத்தது செத்ததுதான். அவருக்கு இனிமேல் யாரும் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

அதற்குள் லோடு ஆட்டோ வந்துவிட்டது. அண்ணா இறங்கி நேராகத் தார்ப்பாயிடம் வந்தார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாகியிருந்தார். "இன்னா டாக்டரம்மா, தெரிஞ்சிதா?" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அவர் என்னை முந்திக்கொண்டார். "சோறுதானே? எனக்குத் தெரியும். ஜொரம் இல்லன்னாலும் அந்தச் சோத்துலதான் இன்னாவோ இருந்துகீது. நேத்தே இவகிட்ட சொன்னேன். நான்தான் வேகாத சோத்தக் கொண்டாந்து ஊத்தி, எல்லாத்தையும் சாவடிச்சேன். சொல்லுங்க டாக்டரம்மா, பரவால்ல. சோறுதானே?"

அக்கா அவரைப் பார்த்தார். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "உன் சோறு இல்ல மாமா" என்றார். "என் கை."

அவருக்குப் புரியவில்லை. அக்கா கொட்டகைக்குள் போய் அந்த பாட்டிலையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். கேட்டு முடித்ததும் அண்ணா அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் குழியில் போட்டுவிட்டு, தார்ப்பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

தாய்ப் பன்றிக்கு என்னால் ஆனதெல்லாம் செய்தேன். எண்ணெய்க்கு மருந்து இல்லை. உள்ளே போனது போனதுதான். அதன்மேல் வளர்கிற கிருமிக்குத்தான் ஊசி. மூச்சு வாங்கிக்கொண்டே, ஒரு மத்தியான நேரத்தில் அது குட்டி போட்டது. அக்கா குரல் கொடுக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தது. குட்டிகள் சீம்பால் குடித்தன. அந்த மட்டும் அதிர்ஷ்டம். இரண்டு நாள் தாங்கிப் பிறகு அதுவும் போயிற்று.

குட்டிகளுக்கு இனி பால் நாம்தான் கொடுக்க வேண்டும். பாட்டில் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. தட்டில் ஊற்றிவைத்து மூக்கை லேசாக நனைத்துவிட்டால் தானாகக் குடிக்கும், தலையைத் தூக்கவே வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தேன். அண்ணா தட்டை வைத்தார். ஒன்று தும்மியது, ஒன்று தட்டுக்குள்ளேயே விழுந்தது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் சளப் சளப்பென்று குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அக்கா தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் போனபோது குட்டிகள் நன்றாகத் தேறியிருந்தன. இருமல் இல்லை. இந்த முறை பால் தட்டை அக்காதான் எடுத்துக்கொண்டு வந்தார். நான் தடுப்போரம் நின்றிருந்தேன். அவர் குட்டிகளைக் கூப்பிடாமலே தட்டை வைத்தார். குட்டிகள் ஓடி வந்து அவர் காலை முகர்ந்தன. ஒன்று அவர் பாதத்தின்மேல் ஏறிப் படுக்கப் பார்த்தது. காலைப் படக்கென்று உதறி, கையிலிருந்த தென்னை மட்டையால் தரையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். எல்லாம் வீலென்று கத்திக்கொண்டு மூலைக்கு ஓடின.

"ஏன்க்கா?" என்றேன்.

"பழகக் கூடாது டாக்டரம்மா" என்றார். "கூப்ட்டா வந்துச்சே, அதுங்கதானே செத்துச்சு."